மலைப் பாதையில் பள்ளிகளும் கல்லறைகளும்

தமிழில் பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கும் இடம். கேரளத்தில் பள்ளி என்றால் வேறு பொருள். கிறிஸ்தவர்களின் கோயிலை அங்கே பள்ளி என்பார்கள். முஸ்லிம்களின் மசூதிக்கும் அதே பெயர்தான். தமிழ்நாட்டிலும் மசூதியைப் பள்ளிவாசல் என்று சொல்கிறோம் அல்லவா? பழைய சொல் ஒன்று. அது ஓர் ஊரில் ஒரு பொருளைத் தருகிறது. பக்கத்து ஊரில் இன்னொரு பொருளைத் தருகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே போனால் மலைநாடு வரும். ஏலம், தேயிலை, ரப்பர் விளையும் நாடு அது. அங்கே பழைய பள்ளிகள் பல இருக்கின்றன. அவற்றை அடுத்துப் பழைய கல்லறைத் தோட்டங்களும் இருக்கின்றன. மலையைப் பார்க்கப் போகிறவர்கள் அருவியைப் பார்க்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். கல்லறைகளைப் பலர் பார்ப்பதில்லை. ஆனால் கல்லறைகளிலும் எழுத்து இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அவை பல செய்திகளைச் சொல்லும்.

அந்தப் பாதையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம்.

பாளையத்தில் தொடங்கும் பயணம்

திருவனந்தபுரத்தின் நடுவே பாளையம் என்ற இடம் இருக்கிறது. அங்கே பெரிய மாதா கோயில் இருக்கிறது. எதிரே மசூதி இருக்கிறது. மசூதியை ஒட்டிக் கணபதி கோயில் இருக்கிறது. மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அதே பகுதியில் கிறிஸ்து ஆலயம் என்ற பழைய தேவாலயமும் உண்டு. அது 1859-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது.

நகரத்தில் கேசவதாசபுரம் என்ற இடத்தில் ஒரு நீண்ட சாலை தொடங்குகிறது. அதை எம்.சி. ரோடு என்பார்கள். இந்தச் சாலை கிளிமானூர், கொட்டாரக்கரை, அடூர், பந்தளம், செங்கன்னூர், திருவல்லா, சங்கனாச்சேரி வழியாகக் கோட்டயம் போகிறது. ஓவியர் ரவிவர்மா பிறந்த ஊர் கிளிமானூர். கோட்டயத்துக்குச் சுமார் 150 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கல்லில் எழுதிய சிலுவை

கோட்டயத்தில் வலியபள்ளி என்ற தேவாலயம் இருக்கிறது. வலிய என்றால் பெரிய என்று பொருள். இது 1550-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. பக்கத்தில் செறியபள்ளி இருக்கிறது. செறிய என்றால் சின்ன என்று பொருள். இது 1579-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. செறியபள்ளியின் சுவரில் பழைய வண்ண ஓவியங்கள் இருக்கின்றன.

வலியபள்ளியில் கல்லில் செதுக்கிய இரண்டு சிலுவைகள் இருக்கின்றன. அவற்றைப் பாரசீகச் சிலுவை என்கிறார்கள். பாரசீகம் என்பது இன்றைய ஈரான் நாடு. சிலுவையைச் சுற்றிப் பகலவி என்ற பழைய பாரசீக எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. சென்னையில் பரங்கிமலை தேவாலயத்திலும் இதே போன்ற சிலுவை ஒன்று உண்டு.

இந்த எழுத்தை இன்று யாரும் தினமும் எழுதுவதில்லை. பேசுவதும் இல்லை. ஆனால் கல்லில் இருப்பதால் அது அழியவில்லை. பல நூறு ஆண்டுகளுக்கு முன்னே கடல் தாண்டி வணிகர்கள் வந்தார்கள் என்பதை அது காட்டுகிறது. மிளகு வாங்க வந்தவர்கள் தங்கள் நம்பிக்கையையும் கொண்டு வந்தார்கள். தங்கள் எழுத்தையும் கொண்டு வந்தார்கள்.

கோட்டயத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பெஞ்சமின் பெய்லி என்ற பாதிரியார் இங்கே அச்சுக்கூடம் நிறுவினார். அது 1821-ஆம் ஆண்டு. மலையாள எழுத்துகளைத் தாமே வார்த்து அவர் புத்தகம் அச்சிட்டார்.

ரப்பர் நாட்டில் ஒரு கல்லறை

கோட்டயத்திலிருந்து கிழக்கே திரும்பினால் மலை ஏறும் பாதை வரும். கோட்டயத்தையும் குமுளியையும் இணைக்கும் இந்தச் சாலையைக் கே.கே. ரோடு என்பார்கள். பாம்பாடி, பொன்குன்னம், காஞ்சிரப்பள்ளி வழியாக முண்டக்கயம் வரும். இருபுறமும் ரப்பர் மரங்கள். மரத்தின் பட்டையைச் சாய்வாகக் கீறியிருப்பார்கள். அதில் சிரட்டை கட்டியிருப்பார்கள். பால் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

ரப்பர் நம் நாட்டு மரம் அல்ல. அதன் தாயகம் தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில் நாடு. கேரளத்தில் தோட்டமாக இதைப் பயிரிட்டவர்களில் முதன்மையானவர் ஜான் ஜோசப் மர்ஃபி. இவர் அயர்லாந்து நாட்டுக்காரர். முண்டக்கயத்துக்கு அருகில் ஏந்தயாறு என்ற இடத்தில் இவருடைய தோட்டம் இருந்தது. அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? “என் தாய் ஆறு” என்பதே ஏந்தயாறு ஆயிற்று என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். தோட்டத்தின் ஓரமாக ஓர் ஆறு ஓடுகிறது.

மர்ஃபி தம் நாட்டுக்குத் திரும்பவில்லை. 1957-ஆம் ஆண்டு இறந்தார். தம் தோட்டத்துத் தொழிலாளர்களின் அருகிலேயே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்று விரும்பினார் என்று கூறுகிறார்கள். அவருடைய கல்லறை ஏந்தயாற்றில் இருக்கிறது.

பீர்மேடும் குதிரையின் கல்லறையும்

முண்டக்கயம் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறும். காது அடைக்கும். காற்று குளிரும். குட்டிக்கானம் வந்தால் மலைமேல் வந்துவிட்டோம் என்று பொருள். அடுத்த ஊர் பீர்மேடு.

பீர் முகமது என்ற முஸ்லிம் ஞானி இந்த மேட்டில் தங்கியிருந்தாராம். அதனால் பீர்மேடு என்று பெயர் வந்தது என்பார்கள். பீர் முகமது தமிழில் பாடல்கள் பாடியவர். அவருடைய தர்கா கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் இருக்கிறது. ஆக, இந்த மலையூரின் பெயரிலேயே ஒரு தமிழ்ப் புலவர் இருக்கிறார்.

குட்டிக்கானத்திலிருந்து ஏலப்பாறை போகும் வழியில் பள்ளிக்குன்னு இருக்கிறது. குன்னு என்றால் குன்று. பள்ளி இருக்கும் குன்று என்பதால் பள்ளிக்குன்னு. அங்கே புனித ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. 1869-ஆம் ஆண்டு ஹென்றி பேக்கர் என்ற பாதிரியார் இதை ஏற்படுத்தினார். மலையரையர் என்ற மலைவாழ் மக்களிடையே பல ஆண்டுகள் பணி செய்தவர் அவர்.

தேவாலயத்தைச் சுற்றி ஆங்கிலேயர்களின் கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத் துரைகளும் அவர்களுடைய மனைவி, மக்களும் இங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். இந்தத் தோட்டத்தில் ஒரு விந்தையும் உண்டு. ஒரு குதிரையைப் புதைத்த இடத்தையும் ஊரார் காட்டுகிறார்கள். அந்தக் குதிரையின் பெயர் டௌனி. அதன் எஜமான் ஜான் டேனியல் மன்றோ.

யார் இந்த மன்றோ? ஏலமலைகளைக் கவனிக்கும் அதிகாரியாக இருந்தவர். அந்தக் காலத்தில் மலையில் சாலை கிடையாது. குதிரையில்தான் போக வேண்டும். 1877-ஆம் ஆண்டு இவர் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். அது 227 சதுர மைல் நிலம். ஆண்டுக்குக் குத்தகை 3000 ரூபாய். மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்கு இதுவே தொடக்கம்.

டௌனி என்ற குதிரையின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தக் குதிரைக்குப் புல் அறுத்தவரின் பெயர் தெரியாது. காட்டை வெட்டியவர்களின் பெயரும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பெரியாற்று அணையும் கொசுவும்

பீர்மேட்டிலிருந்து நேரே போனால் வண்டிப்பெரியாறு, குமுளி. குமுளி தாண்டினால் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம். குமுளிக்கு அருகில் தேக்கடி. காட்டுக்குள் முல்லைப் பெரியாறு அணை இருக்கிறது.

இந்த அணையின் வேலை 1887-ஆம் ஆண்டு தொடங்கியது. 1895-ஆம் ஆண்டு முடிந்தது. கட்டியவர் பொறியாளர் பென்னிகுயிக். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து மக்கள் இன்றும் அவர் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். வயல்களுக்குத் தண்ணீர் தந்தவர் என்ற நன்றி அது.

அணை கட்டும்போது பலர் இறந்தார்கள். வெள்ளம் சிலரைக் கொண்டுபோயிற்று. காட்டு விலங்குகள் சிலரைக் கொன்றன. ஆனால் பெரிய எமனாக வந்தது மலேரியாக் காய்ச்சல்தான். அணைக்கு அருகில் காட்டுக்குள் பழைய கல்லறைகள் சில இருக்கின்றன. அது புலிகள் காப்பகம். வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது.

அந்தக் காலத்தில் மலேரியா எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கெட்ட காற்றால் வருகிறது என்று நினைத்தார்கள். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் 1897-ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். அப்போது அணை கட்டி முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அணையில் வேலை செய்தவர்கள் நோயின் காரணம் தெரியாமலேயே இறந்தார்கள்.

நமக்குக் காரணம் தெரியும். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும். தண்ணீர் தேங்க விடக்கூடாது. கொசு வலை கட்ட வேண்டும். குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் உடனே இரத்தம் சோதிக்க வேண்டும்.

மூணாற்றில் முதலில் வந்தது கல்லறை

குட்டிக்கானத்திலிருந்து ஏலப்பாறை, கட்டப்பனை வழியாகவும் மூணாறு போகலாம். குமுளியிலிருந்து நெடுங்கண்டம், பூப்பாறை வழியாகவும் போகலாம். எப்படிப் போனாலும் சுமார் 100 கிலோமீட்டர். வழியெல்லாம் ஏலமும் தேயிலையும்.

மூணாறு என்றால் மூன்று ஆறு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டலை என்ற மூன்று ஆறுகள் இங்கே கூடுகின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். இங்கே கடைத்தெருவில் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

மூணாற்றில் ஒரு மேட்டின் மேல் கருங்கல்லால் கட்டிய கிறிஸ்து ஆலயம் நிற்கிறது. இப்போது இது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்று மொழிகளிலும் இங்கே வழிபாடு நடக்கிறது. 1910-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டினார்கள். 1911-ஆம் ஆண்டு வழிபாடு தொடங்கியது.

பொதுவாக எந்த ஊரிலும் முதலில் கோயில் வரும். பிறகுதான் கல்லறைத் தோட்டம் வரும். மூணாற்றில் இது தலைகீழாக நடந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் சரிவில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே முதல் கல்லறை 1894-ஆம் ஆண்டு வந்தது. தேவாலயம் வர இன்னும் 16 ஆண்டுகள் ஆயின.

அந்த முதல் கல்லறை யாருடையது? எலனர் இசபெல் மே என்ற இளம் பெண்ணுடையது. அவருடைய கணவர் ஹென்றி மேன்ஸ்ஃபீல்ட் நைட். கண்ணன் தேவன் தோட்டங்களின் மேலாளராக இருந்தவர். எலனர் புதிதாகத் திருமணமாகி இங்கே வந்தார். இந்த மேட்டில் நின்று சுற்றிலும் பார்த்தாராம். “நான் இறந்தால் என்னை இங்கேயே அடக்கம் செய்யுங்கள்” என்று விளையாட்டாகச் சொன்னாராம். சில நாட்களிலேயே காலரா வந்தது. 1894 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்பே, அவர் இறந்துபோனார். கணவர் அவரை அந்த மேட்டிலேயே அடக்கம் செய்தார்.

மூணாற்றில் இன்றும் சொல்லப்படும் கதை இது. சொன்ன வார்த்தைகள் வாய்வழியாக வந்தவை. ஆண்டும் பெயரும் எழுத்தில் இருப்பவை. இந்த வேறுபாட்டை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று காலராவால் சாகத் தேவையில்லை

காலரா என்பது வாந்தியும் பேதியும். கெட்ட தண்ணீராலும் ஈ மொய்த்த உணவாலும் வரும். உடம்பில் உள்ள நீரும் உப்பும் சில மணி நேரத்தில் வெளியே போய்விடும். அதனால்தான் உயிர் போகிறது.

எலனரின் காலத்தில் இதற்குச் சரியான மருத்துவம் இல்லை. இன்று இருக்கிறது. இழந்த நீரையும் உப்பையும் உடனே திரும்பக் கொடுக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் எடுங்கள். அதில் தலைதட்டிய சிறு கரண்டியால் 6 கரண்டி சர்க்கரை போடுங்கள். அரைக் கரண்டி உப்பு போடுங்கள். நன்றாகக் கலக்குங்கள். நோயாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சுகாதார நிலையத்தில் இதற்கான பொட்டலமும் கிடைக்கும்.

தோட்டத் துரையின் மனைவிக்கு 1894-இல் கிடைக்காத மருந்து இன்று நம் சமையலறையிலேயே இருக்கிறது.

மாதா கோயிலும் 99-இன் வெள்ளமும்

மூணாற்றில் இன்னொரு பழைய தேவாலயம் கார்மல் மாதா கோயில். 1898-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த அல்போன்ஸ் என்ற பாதிரியார் இதைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்களுக்காக வந்த கோயில் இது.

மூணாற்றில் வயதானவர்கள் “99-இன் வெள்ளம்” என்பார்கள். 99 என்றால் எந்த ஆண்டு? அது கொல்லம் ஆண்டுக் கணக்கு. கேரளத்தில் வழங்கும் கணக்கு அது. கொல்லம் 1099 என்பதைச் சுருக்கி 99 என்கிறார்கள். கொல்லம் ஆண்டுடன் 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 1099-உடன் 825 கூட்டுங்கள். 1924 வரும். சில மாதங்களுக்கு 824 கூட்ட வேண்டும். கேரளத்தில் பழைய கல்வெட்டுகளைப் படிக்க இந்தக் கணக்கு உதவும்.

1924 ஜூலையில் பெருமழை பெய்தது. மலைகள் சரிந்தன. மூணாறு நகரம் அழிந்தது. அதற்கு முன்பு மூணாற்றில் சின்ன ரயில் ஓடியது என்றால் நம்புவீர்களா? குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் ரயிலில் போயின. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே போடிப் பக்கம் இறங்கின. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி அந்தப் பாதையைப் போடவே இல்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எழுதப்படாத கல்லறைகள்

மலையில் தேயிலை நட்டவர்கள் யார்? பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். மதுரை, தேனி, திருநெல்வேலிப் பக்கத்து ஏழைகள். மழை இல்லாமல் ஊர் காய்ந்தபோது கங்காணி வந்தார். முன்பணம் கொடுத்தார். “மலையில் வேலை இருக்கிறது” என்றார். குடும்பம் குடும்பமாக மலை ஏறினார்கள். காட்டை அழித்தார்கள். பாதை வெட்டினார்கள். கொழுந்து கிள்ளினார்கள். லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி.

குளிரும் காய்ச்சலும் அட்டையும் அவர்களுக்கும் இருந்தன. எலனரைக் கொன்ற காலரா அவர்களையும் கொன்றது. ஆனால் துரைமார்களுக்குச் சலவைக்கல்லில் கல்லறை வந்தது. அதில் பெயரும் வயதும் வெட்டப்பட்டன. தொழிலாளர்களைத் தோட்டத்து ஓரத்தில் புதைத்தார்கள். தலைமாட்டில் ஒரு கல் நட்டார்கள். ஒரு செடி வைத்தார்கள். கல்லில் எழுத்து இல்லை. எழுதச் சொல்லத் தெரியவில்லை. எழுதக் காசும் இல்லை. சில மழைக்காலம் போனதும் இடமே தெரியாமல் போயிற்று.

அதனால் இன்று ஒரு குறை இருக்கிறது. மூணாற்றுத் தமிழர் ஒருவர் தம் பாட்டனாரின் பாட்டனார் எங்கே புதைக்கப்பட்டார் என்று தேடினால் கண்டுபிடிப்பது கடினம். லண்டனிலிருந்து வரும் ஒருவர் தம் பாட்டனாரின் பெயரைக் கல்லில் தடவிப் பார்க்கலாம். ஒரே மலை. ஒரே காலம். ஒரே நோய். எழுத்து இருந்தவர் நினைவில் நின்றார். எழுத்து இல்லாதவர் மறைந்தார்.

பெட்டிமுடி

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு. மூணாற்றுக்கு அருகில் பெட்டிமுடியில் பெருமழை. மலையின் ஒரு பகுதி பெயர்ந்து வந்து லயங்களின் மேல் விழுந்தது. உள்ளே தொழிலாளர் குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. கரண்டும் இல்லை, போனும் இல்லை. மறுநாள் காலைதான் வெளியே செய்தி தெரிந்தது.

70 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேருடைய உடல் கிடைக்கவே இல்லை. எல்லோரும் தமிழ்க் குடும்பங்கள். பலருக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பூர்வீகம். இறந்தவர்களை ராஜமலைக்கு அருகில் ஒரே இடத்தில் வரிசையாக அடக்கம் செய்தார்கள். ஆகஸ்ட் 6 வந்தால் உறவினர்கள் அங்கே கூடுகிறார்கள். பூ வைத்து அழுகிறார்கள்.

இந்த முறை ஒன்று மாறியிருந்தது. இறந்தவர்களின் பெயர்கள் எழுதப்பட்டன. வயது எழுதப்பட்டது. செய்தித்தாளில் பட்டியல் வந்தது. நூறு ஆண்டுக்கு முந்தைய தொழிலாளர்களைப் போல இவர்கள் பெயர் இல்லாமல் போகவில்லை. ஆனால் இன்னொரு கேள்வி நிற்கிறது. மலைச்சரிவின் கீழே லயங்கள் ஏன் இருக்க வேண்டும்? தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்குச் சொந்த வீடு ஏன் இல்லை? வேலை ஓய்ந்ததும் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலையில்தான் பல குடும்பங்கள் வாழ்கின்றன. கல்லறைகளைப் பற்றிப் பேசினால் வீடுகளைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பழைய கல்லறை

மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் மறையூர் இருக்கிறது. சந்தன மரத்துக்குப் பெயர்போன ஊர். அங்கே பாறைகளின் மேல் கல் வீடுகள் போலச் சில இருக்கின்றன. மூன்று பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தியிருப்பார்கள். மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்திருப்பார்கள். உள்ளே ஓர் ஆள் குனிந்து நுழையலாம்.

முனிவர்கள் இதில் தங்கித் தவம் செய்தார்கள் என்று ஊரார் நம்பினார்கள். அதனால் முனியறை என்று பெயர். ஆராய்ந்தவர்கள் இவை இறந்தவர்களுக்காக எழுப்பிய ஈமச் சின்னங்கள் என்கிறார்கள். பெருங்கற்காலத்தவை. அதாவது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. தமிழ்நாட்டிலும் இப்படிப்பட்டவை பல ஊர்களில் உண்டு.

தேவாலயம் வருமுன்பே, தேயிலை வருமுன்பே இந்த மலையில் மனிதர் வாழ்ந்தார்கள். இறந்தவர்களை மறக்கக்கூடாது என்று நினைத்தார்கள். அத்தனை பெரிய கல்லைத் தூக்கி வைக்க ஊரே கூடியிருக்க வேண்டும். அவர்களிடம் எழுத்து இல்லை. அதனால் யாருடைய கல் என்று நமக்குத் தெரியாது. இப்போது சில முனியறைகள் சரிந்துவிட்டன. கல்லை உடைப்பதும் மேலே ஏறி நிற்பதும் பெரிய தவறு. ஒருமுறை உடைந்தால் பிறகு யாராலும் செய்ய முடியாது.

கல்லில் இல்லாவிட்டாலும் ஏட்டில் இருக்க வேண்டும்

எல்லோராலும் சலவைக்கல்லில் பெயர் வெட்ட முடியாது. எல்லோரும் புதைப்பதும் இல்லை, பலர் எரிக்கிறார்கள். ஆனால் ஒன்றை எல்லோரும் செய்யலாம். இறப்பைப் பதிவு செய்யலாம்.

பழைய தேவாலயங்களில் மூன்று ஏடுகள் இருக்கும். ஞானஸ்நானம் ஓர் ஏட்டில். திருமணம் ஓர் ஏட்டில். அடக்கம் ஓர் ஏட்டில். நமது அரசிடமும் இப்படி ஏடு உண்டு. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் ஆண்டு வந்தது. அதன்படி எந்தச் சாதி, எந்த மதமானாலும் பிறப்பையும் இறப்பையும் பதிய வேண்டும்.

இறந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு பதிந்தால் தாமதக் கட்டணம் உண்டு. ஓர் ஆண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். அலைச்சல் அதிகம். கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்திலும் நகராட்சியிலும் பதியலாம். ஆஸ்பத்திரியில் இறந்தால் ஆஸ்பத்திரியே தெரிவிக்க வேண்டும். வீட்டில் இறந்தால் வீட்டுத் தலைவர் தெரிவிக்க வேண்டும்.

தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்குச் சட்டத்தில் தனி விதி உண்டு. 4 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தில் பிறப்போ இறப்போ நடந்தால், தோட்டத்தின் பொறுப்பாளர் அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். குடும்பத்தார் விவரத்தைப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் போதும் என்று இருந்துவிடக்கூடாது. சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். பெயரும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் தொல்லை.

இந்தச் சான்றிதழ் எதற்கு வேண்டும்? விதவை ஓய்வூதியத்துக்கு வேண்டும். வருங்கால வைப்பு நிதி வாங்க வேண்டும். இன்சூரன்ஸ் பணத்துக்கு வேண்டும். வங்கிக் கணக்கை மாற்ற, நிலத்தின் பேரை மாற்ற வேண்டும். இழப்பீடு கேட்கவும் வேண்டும். கையில் தாள் இல்லாத குடும்பம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

கல்லறையைப் படிப்பது எப்படி?

பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் முதலில் அங்கே இருப்பவரிடம் அனுமதி கேளுங்கள். கல்லறைமேல் ஏறாதீர்கள். உட்காராதீர்கள். கல்லில் பெயர் கிறுக்காதீர்கள்.

பிறகு கல்லைப் பாருங்கள். மேலே பெயர் இருக்கும். கீழே பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். வயது தெரியும். பக்கத்துக் கற்களையும் பாருங்கள். ஒரே ஆண்டில் பலர் இறந்திருந்தால் அந்த ஆண்டில் ஏதோ கொள்ளைநோய் வந்திருக்கலாம். சின்னஞ்சிறு கல்லறைகள் பல இருந்தால் குழந்தைகள் நிறைய இறந்திருக்கின்றன என்று பொருள். இன்று போடும் பல தடுப்பூசிகள் அந்தக் காலத்தில் இல்லை.

நவம்பர் 2-ஆம் நாள் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். அன்று குடும்பத்தோடு போவார்கள். புல்லைச் செதுக்குவார்கள். வெள்ளை அடிப்பார்கள். பூ வைப்பார்கள். மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இந்துக்கள் ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோரை நினைக்கிறார்கள். முஸ்லிம்கள் கபுறுஸ்தானுக்குப் போய் துஆ ஓதுகிறார்கள். முறைகள் வேறு. நினைவு ஒன்று.

யோசித்துப் பாருங்கள்

உங்கள் தாத்தா, பாட்டியின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய தாத்தா, பாட்டியின் பெயர் தெரியுமா? எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? என்ன வேலை செய்தார்கள்? எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள்? வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகள் ஒருநாள் அதைத் தேடி வருவார்கள்.